விசுவமடு நாற்றுமேடை ஒன்றுக்கு இணையவழிச் சந்தைப்படுத்தல் அமைத்த அனுபவம்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ35 வீதியில், விசுவமடுப் பக்கமாக உள்ளே திரும்பும் ஒரு கிரவல் ஒழுங்கையில் என் அக்காவும் அத்தானும் நாற்றுமேடை நடத்துகிறார்கள். ஒட்டு மாங்கன்று, பப்பாசி, தேசி, கொய்யா, மாதுளை ஆகியன அங்கே எப்போதும் நிற்கும். போகத்துக்கு ஏற்ப மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுகளைத் தட்டுகளில் வளர்த்துக் கொடுப்பார்கள். ஒருமுறை கன்று வாங்கியவர் மறுமுறையும் வருவார், ஆனால் இப்படியொரு இடம் இருப்பது அயற்கிராமங்களைத் தாண்டித் தெரியாமலே இருந்தது. அதைத் தெரியப்படுத்துவதற்காகக் கூகுள் வரைபடம், வட்ஸ்அப் பிஸ்னஸ், பேஸ்புக் ஆகிய மூன்றையும் நான் அமைத்துக் கொடுத்தேன். சிறு தொழில் செய்யும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்ற நம்பிக்கையில், செய்தவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

எந்தக் கருவியையும் தொடுவதற்கு முன்னர், தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியை வைத்து, வருகின்ற ஒவ்வோர் அழைப்பிலும் கேட்கப்படும் முதற் கேள்வியை மட்டும் குறித்துவைக்கும்படி அக்காவிடம் சொன்னேன். கொப்பி நிரம்பியபோது, ஏறக்குறைய எல்லா அழைப்புகளும் மூன்று கேள்விகளில் அடங்கிவிட்டன: "தம்பி, பப்பாசிக் கன்று நிக்குதோ?", "எந்த இடத்தில திரும்ப வேணும்?", "என்ன விலை போகுது?" மல்லாவியிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ மோட்டார் சைக்கிளில் புறப்படும் ஒருவருக்கு எரிபொருள் செலவும் அரைநாள் வேலையும் போகின்றன, வந்து பார்த்துக் கன்று இல்லையென்றால் அவர் மறுபடி வரமாட்டார். ஆகவே, புறப்படுவதற்கு முன் அவருக்குத் தெரியவேண்டிய இந்த மூன்றையும் பிழையில்லாமல், அன்றன்றைய நிலவரப்படி சொல்வதே இந்த நாற்றுமேடையின் சந்தைப்படுத்தல் என்று முடிவு செய்தேன். பக்கத்தை அழகுபடுத்துவது, விருப்பக்குறிகளைக் கூட்டுவது போன்றவை அதற்குப் பின்னர்தான் வரவேண்டும். பலரும் பேஸ்புக்கில் தொடங்குகிறார்கள். நான் அதைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் அந்தக் கொப்பிதான்.

முதலில், கூகுள் வரைபடத்தில் தொழிலிடத்தைக் காட்டும் கூகுள் வணிக விபரத்தை (Google Business Profile) திறந்தேன். இதன் பழைய பெயர் கூகுள் மை பிஸ்னஸ். 2021 இல் பெயர் மாற்றப்பட்டது. பழைய வழிகாட்டிக் காணொளிகளைப் பார்த்துச் செய்பவர்கள் இரண்டு விடயங்களில் குழம்ப நேரலாம்: அங்கே கிடைத்துவந்த இலவச இணையப்பக்கம் 2024 மார்ச்சிலும், கூகுளின் சொந்த அரட்டை வசதி அதே ஆண்டு யூலையிலும் நிறுத்தப்பட்டுவிட்டன. இப்போது மீதமிருப்பவற்றில் எமக்கு வேண்டியவை இடக்குறி, தொலைபேசி எண், திறந்திருக்கும் நேரம், படங்கள், வாடிக்கையாளர் கருத்துகள் என்பனவே, அவை போதும்.

பெயரைப் பலகையில் உள்ளபடியே எழுதவேண்டும். "வடக்கின் சிறந்த ஒட்டுக்கன்று" என்பது போன்ற சொற்களைப் பெயரோடு சேர்ப்பது கூகுளின் விதிகளுக்கு முரணானது, அதனால் விபரமே இடைநிறுத்தப்படக்கூடும். ஒழுங்கைக்குப் பெயர் கிடையாது என்பதால் முகவரிப் பகுதி கடினமாக இருந்தது. செய்மதிப் படத்தில் நிழல்வலைக் கூடாரத்தின் கூரையைத் தேடிப் பிடித்து, குறியை வாசற்படலையின் மேல் வைத்தேன். காணியின் நடுவில் வைத்தால் வரைபடம் சிலவேளை பின்பக்கத்து வயல்வரம்பால் வழிகாட்டிவிடும். அதன் பின்னர் அந்த இடத்துக்குரிய பிளஸ் கோட் குறியீட்டை எடுத்து எழுதிக்கொண்டோம். வீதிப் பெயரும் வீட்டிலக்கமும் இல்லாத இடங்களுக்காகவே கூகுள் உருவாக்கிய முறை இது. பத்து எழுத்துகள் கொண்ட முழுக்குறியீடு ஏறத்தாழ 14 மீற்றருக்கு 14 மீற்றர் பரப்பைச் சுட்டும். வன்னியில் வீதிப் பெயரில்லாத ஒழுங்கைகளுக்குள் தொழில் நடத்தும் எல்லோரும் இதைத் தங்கள் அட்டையில் அச்சிடவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உறுதிப்படுத்தலுக்குக் காணொளி கேட்கப்பட்டது. வெட்டி ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்கப்பட்ட பதிவில் மூன்று விடயங்கள் தெரியவேண்டும்: இடம் இதுதான் என்பது, தொழில் உண்மையில் நடக்கிறது என்பது, பதிவு செய்பவர் அதை நிர்வகிப்பவர் என்பது. பிரதான வீதியின் திருப்பத்தில் தொடங்கி, பெயர்ப்பலகையைக் காட்டி, படலையைத் திறந்து உள்ளே நடந்து, கன்று வரிசைகளைக் கடந்து, பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழை அத்தான் கையில் பிடித்திருப்பதோடு முடித்தோம். இதற்கு முன்னர் நடைபாதையை ஒருமுறை ஒத்திகை பார்ப்பது நல்லது, ஏனெனில் பதிவின் நடுவில் நிறுத்தித் தொடர முடியாது.

வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியில் கூடுதலான நேரத்தைச் செலவிட்டோம், அதன் பலனும் கூடுதலாகவே இருந்தது. அத்தானின் பழைய எண்ணையே அதற்கு மாற்றினோம்; ஊரில் எல்லோரிடமும் உள்ள எண்ணை விட்டுப் புதிய எண் எடுப்பது வீண் என்று எனக்குப் பட்டது. மாற்றுவதற்கு முன் பழைய உரையாடல்களுக்குக் காப்புப்பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும்.

பொருட்பட்டியலில் 500 பொருட்கள் வரை சேர்க்கலாம் என்றாலும், நாங்கள் ஒரு திரையில் பார்த்து முடிக்கக்கூடிய அளவுக்கே வைத்தோம். ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு படம், அதன் உயரம் தெரியும்படி பக்கத்தில் ஓர் அளவுகோல், விலை, நடுவதற்கு ஏற்ற காலம் ஆகியவற்றைக் கொடுத்தோம். மாங்கன்றுகளைக் கறுத்தக்கொழும்பான், அம்பலவி, விலாட் என்று இனவாரியாகப் பிரித்து, ஒட்டுப்போட்ட இணைப்பு தெளிவாகத் தெரியும் படத்தையே எடுத்தோம். வாங்க வருபவர் முதலில் குனிந்து பார்ப்பது அந்த இணைப்பைத்தான். கன்று முடிந்தவுடன் அந்தப் பொருளைப் பட்டியலிலிருந்து மறைத்துவிடும் பொறுப்பை மாலைநேர நீர்ப்பாய்ச்சல் முடிந்ததும் செய்யும் வேலையாக அக்கா எடுத்துக்கொண்டார். இந்த ஒரு பழக்கம் தவறினால் மற்ற எல்லா அமைப்பும் பொய் சொல்லத் தொடங்கிவிடும் என்பதால், அதை ஒரு சடங்குபோல நிலைநிறுத்தினோம்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். "விலைக்கு இன்பொக்ஸ் வாருங்கள்" என்று எழுதும் வழக்கம் எங்கும் பரவியிருக்கிறது. எங்கள் பக்கத்து விவசாயிகளில் பலர் எழுத்தில் கேட்கத் தயங்குபவர்கள். விலை தெரியாவிட்டால் கேட்காமலே விட்டுவிடுவார்கள். வெளிப்படையாக விலை போட்டால் பக்கத்து நாற்றுமேடைக்காரர் குறைத்துவிடுவார் என்று அத்தான் முதலில் அஞ்சினார். குறைத்தால் குறைக்கட்டும், கன்றின் தரத்தைப் படத்தில் காட்டுவோம் என்று பேசி இணங்க வைத்தேன்.

அடிக்கடி வரும் கேள்விகளுக்கு விரைவுப் பதில்களை எழுதி வைத்தோம். சாய்கோட்டைத் தட்டி "வழி" என்று எழுதினால், எந்தப் பேருந்துத் தரிப்பிடத்தில் இறங்கி எப்பக்கம் திரும்புவது என்ற முழுப் பதிலும் வரைபட இணைப்போடு சேர்ந்து வரும். வரவேற்புச் செய்தி முதன்முறை எழுதுபவருக்கும், 14 நாட்கள் தொடர்பில்லாமல் இருந்து மீண்டும் எழுதுபவருக்கும் தானாகச் செல்லும். அதில் பணிவான இரண்டு வரியும் அன்று நிற்கும் கன்றுகளைப் பார்ப்பதற்கான பட்டியல் இணைப்பும் போதும். உரையாடல்களை வகைப்படுத்தும் லேபல் வசதியில் "முற்பதிவு", "முற்பணம் வந்தது", "ஏற்றியாயிற்று" என்று மூன்று நிறங்களை வைத்தோம்.

புதிய கன்று ஆயத்தமானதை அறிவிக்கக் குழு ஒன்றைத் தொடங்கலாம் என்று மருமகன் சொன்னான். குழுவில் ஒருவரின் எண் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதால் அதைத் தவிர்த்து, ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியலைப் பயன்படுத்தினோம். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். எமது எண்ணைத் தம் தொலைபேசியில் சேமித்திருப்பவர்களுக்கே செய்தி போய்ச் சேரும். ஆதலால் கன்று வாங்கிச் செல்பவரிடம், "அறிவித்தல் அனுப்பலாமா?" என்று கேட்டு, சம்மதித்தால் எண்ணை அங்கேயே சேமிக்கச் செய்கிறோம். இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், அயலவர் ஒருவரின் எண்ணைக் கேட்காமல் பட்டியலில் சேர்ப்பது முறையல்ல. மிளகாய் செய்பவர், பழமரம் வைப்பவர், வீட்டுத்தோட்டக்காரர் என்று மூன்று பட்டியல்களாகப் பிரித்த பிறகு, வேண்டாத செய்தி ஒருவருக்கும் போகவில்லை.

நாங்கள் எதிர்பார்த்திராத இன்னொரு பயனும் கிடைத்தது. சிலர் தம் தோட்டத்து மிளகாய் இலையின் படத்தை அனுப்பி, "இலை சுருளுது, என்ன செய்யிறது?" என்று குரல்பதிவில் கேட்கத் தொடங்கினார்கள். அத்தான் தமக்குத் தெரிந்ததைக் குரல்பதிவிலேயே பொறுமையாகச் சொல்வார். மருந்து பற்றிய கேள்வியாக இருந்தால், தாமாகப் பெயர் சொல்லாமல், விவசாயப் போதனாசிரியரிடமோ விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்திலோ கேட்கும்படி அனுப்பிவிடுவார். இந்தப் பதில்களால் உடனடி விற்பனை கிடைப்பதில்லை. ஆனாலும் அடுத்த போகத்தில் முதலில் அழைப்பவர்கள் இவர்களாகவே இருக்கிறார்கள், எந்த விளம்பரமும் இப்படியான வாடிக்கையாளரைத் தரவில்லை.

யார் எங்கிருந்து வந்தார்கள் என்பதை அறியவும் ஒரு வழி தேவைப்பட்டது. வட்ஸ்அப் உரையாடலைத் திறக்கும் இணைப்பில் நாட்டுக்குறியான 94 ஐயும், முன்னால் உள்ள பூச்சியத்தை நீக்கிய எண்ணையும் எழுதி, அதன் பின்னே முற்கூட்டியே நிரப்பப்பட்ட ஒரு வாசகத்தைச் சேர்க்கலாம். பேஸ்புக்கில் வைத்த இணைப்பில் "பேஸ்புக்கில் பார்த்தேன்" என்றும், வீதியோரப் பலகையில் உள்ளதில் "பலகையில் பார்த்தேன்" என்றும் வாசகம் வரும்படி செய்தால், வாடிக்கையாளர் அனுப்பு என்பதை அழுத்தும்போதே வந்த வழி தெரிந்துவிடும். இங்கே ஒரு தொழில்நுட்பச் சிக்கல் உண்டு. இணைப்புக்குள் தமிழ் எழுத்துகள் அப்படியே நிற்பதில்லை. மெய், அதனோடு சேரும் உயிர்க்குறி, புள்ளி என ஒவ்வொரு குறியீடும் உரோம எழுத்து, இலக்கம், விழுக்காட்டுக் குறி கலந்த ஒன்பது குறிகளாக விரிகிறது. "கூகுளில்" என்ற ஒற்றைச் சொல்லே 72 குறிகளாகிவிடும். அந்த நீண்ட இணைப்பைக் கியூஆர் குறியாக்கி, கன்றில் கட்டும் சிறிய அட்டையில் அச்சிட்டபோது கட்டங்கள் மிக நெருங்கி, பழைய தொலைபேசிகளால் வாசிக்க முடியவில்லை. வட்ஸ்அப் பிஸ்னஸ் தானே உருவாக்கித் தரும் குறுகிய இணைப்பைப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் தீர்கிறது, ஏனெனில் வாசகம் அதன் வழங்கியில் (சேவரில்) இருக்கிறது, குறிக்குள் இல்லை. அட்டைகளுக்கு அதையும், பெரிய பலகைக்கு நீண்ட இணைப்பையும் வைத்தோம்.

இவ்வளவும் ஆனபின் பேஸ்புக் பக்கத்துக்கு வந்தோம். அத்தானிடம் ஏற்கனவே அச்சகமொன்றில் செய்த ஒரு துண்டுப்பிரசுரத்தின் எழுத்துக் கோப்பு இருந்தது. அதிலிருந்து பிரதி எடுத்து ஒட்டியபோது பொருளற்ற ஆங்கிலக் குறிகள் வந்தன. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டதே காரணம். அந்த முறையில் "அம்மா" என்ற சொல் கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளாகவே தெரியும். எந்தத் தேடுபொறியாலும் அதைத் தமிழாகக் கண்டுகொள்ள முடியாது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றிகளால், எல்லாக் கருவிகளும் தமிழாக அறியும் யுனிகோட் முறைக்கு மாற்றி, பிழைதிருத்தி எடுத்தோம். அதுபோலவே, முழுச் செய்தியையும் ஒரு படத்துக்குள் எழுதிப் பதிவேற்றுவதை நிறுத்தி, கன்றின் பெயர், விலை, ஊர் ஆகியவற்றை எழுத்தாகவும் கீழே எழுதினோம். வடக்கில் இன்னும் பல அச்சகங்கள் பாமினியில் வேலை செய்கின்றன என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

பதிவுகளில் எடுபட்டவை எளிமையானவை. ஒட்டுக்குக் கீழே அடிக்கட்டையிலிருந்து கிளம்பும் துளிரை ஏன் கிள்ளிவிட வேண்டும் என்பதை அக்கா தம் கையாலே செய்துகாட்டிய சிறிய காணொளி, நாங்கள் இட்ட வேறெதையும்விட அதிகம் பகிரப்பட்டது. "ரெட் லேடி" பப்பாசியில் ஆண்மரம் வராது, பெண்மரமும் இருபால் மரமும் மட்டுமே வரும். அது கலப்பினம் என்பதால் அதன் பழத்து விதையை எடுத்து நட்டால் அதே குணம் கிடைக்காது என்று எழுதியதும் நன்றாகப் பரவியது. விதையெடுத்து நடலாம் என்று நினைத்திருப்பவருக்கு அது முடியாது என்று சொல்வது விற்பனைத் தந்திரமாகத் தோன்றலாம். அதே பதிவில், தொடர்ந்து விதையெடுக்க விரும்புபவருக்கு அந்த இனம் பொருந்தாது, வேறு இனம் பார்க்கவும் என்றும் எழுதினோம். நாங்கள் அப்படி எழுதியதால் ஒருவரும் விலகிப் போகவில்லை.

பணம் கொடுத்து விளம்பரம் செய்வதில் ஒரு பொறிமுறையைப் புரிந்துகொள்ள வேண்டும். எந்த நோக்கத்தைத் தெரிவு செய்கிறோமோ, அந்தச் செயலைச் செய்யக்கூடியவர்களைத் தேடியே பேஸ்புக் விளம்பரத்தைக் காட்டும். விருப்பக்குறி நோக்கமாக இருந்தால் விருப்பக்குறியே கிடைக்கும். கன்று வாங்குபவர் கிடைக்கமாட்டார். ஆகவே வட்ஸ்அப்பில் செய்தி அனுப்ப வைக்கும் நோக்கத்தைத் தெரிவு செய்து, நாற்றுமேடையின் மேல் குறி வைத்து, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம் வரையான சுற்றளவுக்குள் மட்டும் காட்டச் செய்தோம். நாளாந்தச் செலவை மிகச் சிறிதாக வைத்து, ஒரே கன்றுக்கு இரண்டு படங்களை ஓடவிட்டு, செய்தி அதிகம் வந்ததை மட்டும் தொடர்ந்தோம். கட்டணத்துக்கு வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு வசதியை முதலில் இயக்கியிருக்க வேண்டும். அந்தத் தொல்லைக்காக வேறொருவரிடம் பணம் கொடுத்து அவருடைய கணக்கால் விளம்பரம் செய்விப்பது வழக்கமாக இருக்கிறது, எங்களுக்குத் தெரிந்த ஒரு கடைக்காரரின் பக்கம் அவ்வாறு அடுத்தவர் கைக்குப் போய் இன்றுவரை மீளவில்லை. பக்கத்தின் முழுக் கட்டுப்பாடு உரிமையாளரின் கணக்கிலும், நம்பிக்கையான இன்னொருவரின் கணக்கிலும் இருக்கவேண்டும். இரண்டுக்கும் இருபடி உறுதிப்படுத்தல் இடவேண்டும். "உங்கள் பக்கம் நீக்கப்படப் போகிறது, இங்கே அழுத்துங்கள்" என்று வரும் செய்திகள் திருடர்களுடையவை என்பதைத் தொலைபேசியைத் தொடும் வீட்டார் எல்லோருக்கும் சொல்லிவைத்தோம்.

புலம்பெயர்ந்தோரைப் பற்றியும் சொல்லவேண்டும். ஊரில் காணி வைத்திருந்து, அங்கே பெற்றோரோ உறவினரோ இருப்பவர்கள் உண்மையான வாடிக்கையாளர்கள். "அப்பாவின்ர காணியில பத்துக் கறுத்தக்கொழும்பான் வைக்க வேணும், நீங்களே கொண்டுபோய் இறக்கி விடுவியளோ?" என்று ரொறன்ரோவிலிருந்து கேட்ட ஒருவருக்கு, பட்டா எனப்படும் சிறு லொறியில் கன்றுகளை ஏற்றி, குழியில் நட்ட பின் படமெடுத்து அனுப்பினோம், அவர் மூலமாக மற்றவர்களும் கேட்டார்கள். அவர்களுக்கான பதிவுகளை பேஸ்புக் நிறுவனத்தின் மெட்டா பிஸ்னஸ் சூட் என்ற கருவி மூலம் இரவு எட்டு மணிக்கு நேரமிட்டு வைத்தோம். கோடையில் அப்போது இலண்டனில் பிற்பகல் மூன்றரை, ரொறன்ரோவில் காலை பத்தரை. ஆனால் வெளிநாடுகளுக்குப் பணம் கொடுத்து விளம்பரம் செய்வது பயன்படவில்லை. ஊர்ப்பெயரைக் கண்ட மகிழ்ச்சியில் விருப்பக்குறி இடுபவர் பலர், காணியில் மரம் வைப்பவர் சிலர்.

பணத்தைப் பொறுத்தவரை, வங்கிச் செயலியில் பரிமாற்றம் செய்த பற்றுச்சீட்டின் படத்தை மட்டும் நம்பிக் கன்று ஏற்றுவதில்லை. திருத்தப்பட்ட படமொன்று எங்களுக்கும் வந்தது. உள்நாட்டு வங்கிகளுக்கிடையிலான இணையப் பரிமாற்றம் பெரும்பாலும் உடனடியாகக் கணக்குக்கு வந்துவிடுவதால், கணக்கைப் பார்த்த பின் வாகனத்தை அனுப்புவதில் யாருக்கும் இழப்பில்லை.

இப்போது செய்துகொண்டிருப்பது விதைப்பதிவேட்டையும் விளம்பரத்தையும் ஒன்றோடொன்று இணைக்கும் வேலை. மிளகாய் நாற்றுக்கு நான்கைந்து வாரங்களும், பப்பாசிக்கு ஏழெட்டு வாரங்களும் தேவை. ஒட்டு மாவுக்கு அதைவிட நெடுங்காலம் வேண்டும். ஐப்பசி மழைக்குக் குழி வெட்டி ஆயத்தமாக இருப்பவர் ஆவணியிலேயே கன்று தேடத் தொடங்குகிறார். கன்று நிற்கும்போது விளம்பரம் இல்லாமலும், விளம்பரம் ஓடும்போது கன்று முடிந்தும் போவது எந்த நாற்றுமேடைக்கும் நேரக்கூடியது. அதனால் கூகுள் விரிதாளில் ஒவ்வொரு விதைப்புக்கும் ஒரு வரி எழுதி, ஆயத்தமாகும் திகதியைக் கணித்து, அதற்கு இரண்டு வாரம் முன்னர் ஒலிபரப்புச் செய்தியும், ஒரு வாரம் முன்னர் விளம்பரமும், கன்றில் கால்வாசி மீதமிருக்கும்போது விளம்பர நிறுத்தமும் என்று நிரல்களை அமைத்திருக்கிறோம்.

மிளகாய் நாற்றுக்கு இன்னும் ஒருபடி முன்னே போய், கூகுள் படிவத்தில் முற்பதிவு வாங்குகிறோம். பெயர், கிராமம், தொலைபேசி எண், இனம், எத்தனை தட்டு, நடப்போகும் வாரம் ஆகிய ஆறு கேள்விகளுக்கு மேல் அதில் இல்லை. படிவம் நிரப்ப முடியாதவர் குரல்பதிவு அனுப்பினால் மருமகன் அதைக் கேட்டு அவருக்காக நிரப்புகிறான். படிவத்தின் பதில்கள் அதே விரிதாளில் விழுவதால், ஞாயிறு மாலைகளில் அக்கா அதைப் பார்த்து, அடுத்த வாரம் எத்தனை தட்டுக்குத் தும்புச்சோறு (தேங்காய்த் தும்புத் தூள்) நனைக்க வேண்டும், எந்த இனத்து விதையை எவ்வளவு வாங்க வேண்டும் என்று தீர்மானிக்கிறார். முற்பதிவு செய்தவரின் பெயரும் கிராமமும் விதைத்த நாளிலேயே தட்டின் விளிம்பில் ஒட்டப்படுகின்றன, முளைத்ததும் அந்தத் தட்டின் படம் அவருக்குப் போகிறது.